ஆயுத பூசைக்கு வந்த டிஸ்க் பிரேக்கு

எங்க குருசுக்குப்பத்துல ஒரு மேடு காட்டுங்க பாப்போம். இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் ரோடு, நடுவுல ஊரு தோசைக்கல்லாட்டம் கெடக்குது. நாய் படுத்திருந்தா அதான் மேடு. இந்த ஊருல ரெண்டு ஆம்பளைங்க மலையேறுற சைக்கிள வாங்கி வெச்சிக்கிட்டு, அதுல எந்த பிரேக்கு ஒசத்தின்னு சண்ட போட்டு, மூஞ்சிக்கு மூஞ்சி பாக்காம திரிஞ்சாங்கன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆவணும். அதுல ஒருத்தரு எங்க வூட்டுக்காரரு.

பேரு கன்னியப்பன். தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில பிட்டரா இருந்துட்டு, கம்பெனிய மூடப் போறாங்கன்னதும் வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வந்து உக்காந்தவரு. இன்னொருத்தரு எதிர்வூட்டு ஜூல் அண்ணன். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, எங்க ஊரு பேச்சுல சொல்தா. அவங்களுக்கெல்லாம் தல நரைக்கறதுக்கு முந்தியே பென்சன் வந்துடும். ரெண்டு பேரும் ஒரே தெருவுல கோலி ஆடி வளந்தவங்க. ஒருத்தருக்கு வேல போச்சி, இன்னொருத்தருக்கு வேலையே இல்ல. தெனம் விடிகாலையில கெளம்புனா பீச் ரோடு, அரிக்கன்மேடு, ஊசுட்டேரின்னு ஒரு சுத்து சுத்திட்டு வெயிலு ஏறினதுக்கு அப்புறந்தான் வருவாங்க.

அவங்க சுத்துற அந்த நேரந்தான் என் நேரம். நான் ஆப்பம் சுட்டு விக்கறவ. வாசல்ல ஒரு மேசை, உள்ள ரெண்டு அடுப்பு, ரெண்டு இரும்புச் சட்டி. நாலு தெருவுக்கும், வெள்ளக்காரத் தெருவுல ஒரு கெஸ்ட் ஹவுசுக்கும் என் ஆப்பந்தான் போவுது. மாவு புளிக்கிற பதமும், தேங்காப்பால் எடுக்குற பதமும் எனக்கும் என் கைக்கும் மட்டும் தெரியும். வூட்டுல எவனும் கெடையாது, ஒரு சத்தம் கெடையாது, ரேடியோவை மெதுவா வெச்சிக்கிட்டு சட்டியச் சுத்திச் சுத்தி விடுவேன். மகாராணியாட்டம் இருப்பேன். பொண்ணு பூர்ணிமாவையும் சென்னையில ஆஸ்டல்ல சேத்தாச்சி. வேற என்ன வேணும் ஒரு பொம்பளைக்கு?

ஜூல் அண்ணனோட பையன் லூதோவிக் பிரான்சுல லியோன்ல இருக்கான். ரெண்டாயிரத்து ஏழுல லீவுக்கு வந்தப்ப அப்பாவுக்கு ஒரு சைக்கிள் கொண்டாந்து குடுத்தான். அதுக்கு அவங்க வே.தே.தே.ன்னு ஒரு பேரு சொல்லுவாங்க, மலையில ஓட்டற வெலோவாம், வெலோன்னா சைக்கிளு. தடிமனா டயரு, முன்னால ஸ்பிரிங்கு, டிஸ்க் பிரேக்கு. அதைப் பாத்த நாள்லேர்ந்து எங்க வூட்டுக்காரருக்குச் சோறு எறங்கல. மறு வாரமே நம்ம ஊருக் கம்பெனி கியர் சைக்கிள் ஒண்ணு வாங்கி வந்துட்டாரு. அதுலயும் தடிமன் டயரு, அதுலயும் ஸ்பிரிங்கு. ஆனா பிரேக்கு மட்டும் பழய மாதிரி ரிம்மைப் புடிக்கிற ரப்பர் கட்டை. அங்கதான் புடிச்சிது சனி.

"மழையோ சேறோ, டிஸ்குக்கு ரெண்டு வெரலு போதும்டா"ன்னு ஜூல் அண்ணன் ஆரம்பிப்பாரு.

"அந்தக் கட்டை தேஞ்சா எங்க போவ? லியோனுக்கா? எனக்கு முத்தியால்பேட்டை சைக்கிள் கடையிலயே கெடைக்கும்"னுவாரு இவரு.

"உன் சக்கரம் லேசா கோணிச்சின்னா ரப்பர்ல ஒரசிக்கிட்டே வரும். என் சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சாலும் பிரேக்குக்கு ஒண்ணும் ஆவாது."

"சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சிட்டா பிரேக்கு எதுக்குடா? அதுவே நின்னுடும்."

இப்பிடியே பேசிக்கிட்டு இருப்பாங்க. ஒரு நாளு எங்க வூட்டுக்காரரு, "கதவைக் கீல் பக்கம் புடிச்சி நிறுத்துவியா, கைப்பிடி பக்கம் புடிச்சி நிறுத்துவியா? ஓரத்துல புடிச்சா சுண்டு வெரலு போதும்"னு கத்தறாரு. எந்தக் கதவு கெட்டுப் போச்சின்னு கரண்டியோட வெளிய வந்து பாத்தவ நான். அவங்க பேச்சுக்கு நான் காது குடுத்தது அவ்வளவுதான். டிஸ்கு டிஸ்குன்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சிப் போயிருந்திச்சே தவிர, அந்தக் கருமம் சைக்கிள்ல எந்த எடத்துல இருக்குதுன்னு நான் கேட்டதும் இல்ல, அவங்க சொன்னதும் இல்ல.

இப்பிடிச் சிரிப்பும் கும்மாளமுமா போயிக்கிட்டு இருந்தது ஒரு மழை நாளு கெட்டுது. பீச் ரோட்டுல முன்னால ஜூல் அண்ணன், பின்னால இவரு. குறுக்க ஒரு நாயி. ஜூல் அண்ணன் டிஸ்க் பிரேக்கைப் புடிச்சாரு, சைக்கிள் நட்டு வெச்ச கம்பாட்டம் நின்னுது. இவரும் புடிச்சாரு. நனைஞ்ச ரிம்மு, நனைஞ்ச ரப்பரு, எங்க புடிக்கும்? வழுக்கிக்கிட்டே போயி ஜூல் அண்ணன் முதுகுல முட்டி, ரெண்டு பேரும் குப்புற விழுந்தாங்க. வாக்கிங் வந்த ஊரே நின்னு சிரிச்சிருக்குது. நாயி மட்டும் சிரிக்கலையாம்.

"உன் பிரேக்கு புடிக்கல, அதான் விழுந்தோம்"னு அவரு. "உன் பிரேக்கு அளவுக்கு மீறிப் புடிச்சிடுச்சி, அதான் விழுந்தோம்"னு இவரு. முட்டியில ரத்தம் வழியுது, அதைத் தொடைக்கக் காணோம். ரோட்டுலயே நின்னு கத்திட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்து சேந்தாங்க. அன்னியோட பேச்சு நின்னுது, சவாரியும் நின்னுது.

போனாப் போவுதுன்னு விட்டுடுவேன். ஆனா சவாரி நின்னா ஆளு எங்க இருப்பாரு? என் அடுப்பங்கரையில! மறுநாள் காலையில முழிச்சதும் வந்து நின்னாரு பாருங்க, பிட்டரு. அடுப்பு எரியறது சரியில்லன்னு பர்னரைக் கழட்டுனாரு. நான் சட்டி சுத்துறதுல ஒரு பக்கம் கனம் கூடுதாம், லெவல் பாக்கணுமாம். மேசை ஆடுதுன்னு காலுக்குக் கட்டை வெச்சாரு, அப்பறம் அது இந்தப் பக்கம் ஆடுச்சி. இதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். ஆப்பம் வாங்க வர்றவங்களை நிறுத்தி வெச்சி, ஈர ரோட்டுல பிரேக்கு எப்பிடிப் புடிக்கும்னு வெளக்கம் சொன்னாரு பாருங்க, அதைப் பொறுக்க முடியல. செல்வாம்பாள் டீச்சர் பாவம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சின்னு கையில ஆப்பத்தை வெச்சிக்கிட்டு நெளியறாங்க. இவரு விடமாட்டேங்கறாரு. டீச்சர் வர்றதையே நிறுத்திட்டாங்க. கெஸ்ட் ஹவுசுலேர்ந்து வர்ற பையனும் ஆப்பம் ஆறிப் போவுதுன்னு மொறைக்க ஆரம்பிச்சான்.

இவரு வேல போனப்ப இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துனது அந்த ரெண்டு சட்டிதான். அதுக்கு மேல ஒண்ணு சொல்றேன், நாள் முழுக்க எனக்குன்னு இருக்குறது அந்தக் காலை நேரம் ஒண்ணுதான். அதுவும் போச்சின்னா நான் பைத்தியம் புடிச்சி அலைய வேண்டியதுதான். எப்பிடியாவது இந்த மனுசனை மறுபடி சைக்கிள்ல ஏத்தி வெளிய தள்ளியே ஆவணும்.

எதிர்வூட்டுக்குப் போனேன். ஜூல் அண்ணன் சம்சாரம் மோனிக் அக்கா கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. "உனக்குப் பரவாயில்லடி பாக்கியம். இவரு என் பொடவை அலமாரியப் பட்டாளம் மாதிரி ஆக்கிட்டாருடி. கலர் கலரா வரிசை கட்டி நிறுத்தி வெச்சிருக்காரு. நீலத்துல ஒண்ணை எடுத்தா ஏன் வரிசை கலைஞ்சிதுன்னு கேக்கறாரு"ன்னாங்க.

ரெண்டு பேரும் உக்காந்து ஒரு முடிவு பண்ணினோம். பந்தயம் வெச்சிடுவோம். ரெண்டு சைக்கிளையும் ஒரு எறக்கத்துல விட்டு, ஒரே எடத்துல பிரேக்கைப் புடிச்சி, எது சீக்கிரமா நிக்குதோ அது ஒசத்தி. தோத்தவரு வாயை மூடிக்கிட்டு மறுநாள்லேர்ந்து சவாரிக்குப் போவணும். ரெண்டு பேரு கிட்டயும் தனித்தனியா சொன்னோம், ரெண்டு பேரும் தனித்தனியா சம்மதிச்சாங்க. விசயதசமி ஞாயித்துக்கெழமை வருது, அன்னிக்கே வெச்சிக்கலாம், தொட்டது துலங்கும்னு நாள் குறிச்சாச்சி.

யாரு ஓட்டறதுன்னு வந்தப்ப மறுபடி கொளறுபடி. ஜூல் அண்ணன் உருவம் மூணு மாவு மூட்டை. எங்க ஆளு தென்னங்குச்சி. அவரவரு சைக்கிள அவரவரு ஓட்டினா, "உன் எடையாலதான் நின்னுது, நிக்கல"ன்னு இன்னொரு சண்ட வரும். ஒரே ஆளுதான் ரெண்டையும் ஓட்டணும்னாரு எங்க வூட்டுக்காரரு. அதுவும் ரெண்டு பேரும் நம்பற ஆளா இருக்கணும்னு எதிர்வூட்டுலேர்ந்து சேதி வந்திச்சி. தெருவுல அப்பிடி ஒருத்தனும் கெடையாது. மோனிக் அக்காவுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. கடைசியில எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க.

ஏன் பாக்க மாட்டாங்க? கல்யாணத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் தட்டாஞ்சாவடிக்கு பிஸ்கட் பாக்கிங் வேலைக்கு லேடீஸ் சைக்கிள் மிதிச்சிக்கிட்டுப் போனவ நான். பூர்ணிமா வயித்துல இருந்தப்ப எறங்கினவ, அப்பறம் ஏறவே இல்ல. "எனக்கு மறந்து போயிருக்கும்"னேன். "சைக்கிளும் நீச்சலும் மறக்காது தங்கச்சி"ன்னாரு ஜூல் அண்ணன், அவங்க வூட்டு வாசல்லேர்ந்தே. எங்க வூட்டுக்காரரு வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

முந்தின நாளு ஆயுத பூசை. ஜூல் அண்ணன் குடும்பம் வேதம், சர்ச்சுல ஞாயித்துக்கெழமை பூசை தவறாது. ஆனா எங்க தெருவுல ஒரு பழக்கம் உண்டு. ஃபாதர் தீர்த்தம் தெளிச்ச வண்டியா இருந்தாலும் ஆயுத பூசை அன்னிக்கு எங்க வூட்டு வாசலுக்கு வந்துடும். வருசா வருசம் அவங்க ஸ்கூட்டரு எங்க வண்டியோட நின்னு பொட்டு வெச்சிக்கிட்டு, பொரி கடலை வாங்கிக்கிட்டுப் போவும். இந்தத் தடவை பேச்சே இல்லாததால ஜூல் அண்ணன் வரல. மோனிக் அக்காதான் அந்த வே.தே.தே.யத் தள்ளிக்கிட்டு வந்து நிறுத்திட்டுப் போனாங்க.

எனக்கு ஒரே யோசனை. நாளைக்கு நான்தான் ஓட்டப் போறேன். புருசன் சைக்கிள மட்டும் பளபளன்னு வெச்சாளேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது. அதனால எடுத்தேன் தேங்கா எண்ணெய. கடலோரத்துல குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும், எங்க ஊரு உப்புக் காத்துக்கு எண்ணெய் காட்டாத இரும்பு ஒரு மழைக்குத் தாங்காது. செயினுக்குப் போட்டேன், பெடலுக்குப் போட்டேன், அச்சுக்குப் போட்டேன். ரிம்முல மட்டும் ஒரு சொட்டு படாம பாத்துக்கிட்டேன். ஏன்னா ரிம்முலதான் பிரேக்கு புடிக்கும், அங்க எண்ணெய் பட்டா ஆளு காலி. இது எனக்குத் தெரியாதா? அத்தனை வருசம் மிதிச்சவளாச்சே! ஜூல் அண்ணன் சைக்கிள் ரிம்மையுங்கூடக் காஞ்ச துணியால சுத்தமாத் தொடைச்சி வெச்சேன்.

அப்பறம் பாத்தா அந்த சைக்கிள்ல, சக்கரத்துக்கு நடுவுல அச்சுப் பக்கமா, ஒரு எவர்சில்வர் தட்டு. ஓட்டை ஓட்டையா, பூ வெட்டுன மாதிரி. அழுக்குப் புடிச்சி மங்கிப் போயி கெடக்குது. ஐயோ, இவ்வளவு அழகான சாமானை இப்பிடியா வெச்சிருப்பாங்கன்னு, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு ரெண்டுக்கும் எண்ணெய ஊத்தி ஊத்தித் தேய்ச்சேன். குத்துவெளக்காட்டம் மின்னிச்சி. அச்சுக்குப் பக்கத்துல இருக்குற எதுக்கும் எண்ணெய் போட்டா நல்லதுதானே? மேல மூணு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம். கும்பிட்டுட்டு நானே சொன்னேன், "எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் பரவாயில்ல தாயே, இவரை வூட்டை விட்டுக் கெளப்பு."

மறுநாள் ஊசுட்டேரிக்குப் போனோம். ரெண்டு சைக்கிளையும் ஒரு மினி டெம்போவுல ஏத்திக்கிட்டு, ஆம்பளைங்க ரெண்டு பேரும் பின்னாடி எதிரெதிர் மூலையில, சைக்கிளை அணைச்சிக்கிட்டு. ஏரிக் கரையிலேர்ந்து வயலுக்கு எறங்குற வண்டித்தடம் ஒண்ணு இருக்குது. எங்களுக்கு மலைன்னா அதான் மலை. மோனிக் அக்கா வூட்டுலேர்ந்து கோலமாவு கொண்டாந்து தடத்துக்குக் குறுக்க பாதி தூரத்துல ஒரு கோடு போட்டாங்க. அந்தக் கோட்டுல பிரேக்கைப் புடிக்கணும்.

நான் பூர்ணிமாவோட சுடிதார்ல நிக்கறேன். வெக்கமா வந்திச்சி. "சொல்லும்மா, முதல்ல என் சைக்கிளத்தான் எடுக்கணும்"னு எங்க வூட்டுக்காரரு மோனிக் அக்கா கிட்ட சொல்றாரு, ஜூல் அண்ணன் பக்கத்துலயே நிக்கறாரு. "சொல்லு மோனிக், எனக்கு ஆட்சேபணை இல்லன்னு"ன்னு அவரு. மோனிக் அக்கா, "எனக்கு வாய் வலிக்குது, நீங்களே பேசித் தொலைங்க"ன்னாங்க.

ஏறினேன். ரெண்டு மிதி மிதிச்சேன், எறக்கம் வாங்கிக்கிச்சி. சாமி, அந்தக் காத்து இருக்குதே! ஏரிக் காத்து மூஞ்சியில அடிக்குது, துப்பட்டா பறக்குது, வயித்துக்குள்ள என்னமோ ஜிலுஜிலுங்குது. வருசக் கணக்கா அடுப்பு அனலே பாத்த மூஞ்சி இது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. கோட்டுல புடிச்சேன், ரப்பரு ரெண்டும் ரிம்மை நல்லாக் கவ்விச்சி, ஒரு ஆளு படுத்துக்குற தூரத்துல நின்னுது. காஞ்ச மண்ணு, காஞ்ச ரிம்மு, குத்தம் சொல்ல எடமில்ல. எங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாக்கணுமே, பொண்ணுக்கு மாப்பிள கெடச்ச மாதிரி.

அடுத்தது வே.தே.தே. மேல ஏறி உக்காந்ததும் தெரிஞ்சிது, இது வேற ஜாதிக் குதிரைன்னு. வழுவழுன்னு எறங்குது. கோடு வந்திச்சி. ரெண்டு பிரேக்கையும் புடிச்சேன்.

"க்க்கீஈஈ"ன்னு ஒரு சத்தம். பன்னியப் புடிச்சா கத்துமே, அப்பிடி. சத்தந்தான் வருது, வண்டி நிக்கக் காணோம். கோட்டைத் தாண்டிட்டேன். ஒரு ஆளு தூரம் தாண்டிட்டேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் நிக்கற எடத்தையும் தாண்டிட்டேன்.

"பிரேக்கப் புடி! பிரேக்கப் புடி!"ன்னு ரெண்டு பேரும் ஒரே குரலாக் கத்தறாங்க.

"புடிச்சிக்கிட்டுத்தான்டா இருக்கேன்!" கட்டின புருசனை நான் டா போட்டுக் கூப்பிட்டது அன்னிக்குத்தான். மனசாரக் கூப்பிட்டேன்.

தடம் முடிஞ்சிது, வரப்பு வந்திச்சி, வரப்புல சக்கரம் மோதுச்சி, நான் மட்டும் தனியாக் கெளம்பி புதுசா நட்ட சம்பா நாத்துல போயி விழுந்தேன். நல்ல வேளை, சேறு. தலைலேர்ந்து கால் வரைக்கும் சேறு. வலது கணுக்கால் மட்டும் மடங்கிப் போயிருந்திச்சி.

ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க. ஒருத்தரு கைய ஒருத்தரு புடிச்சிக்கிட்டு வரப்புல ஓடியாந்தாங்கன்னு மோனிக் அக்கா பின்னால சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு என் பக்கத்துல சேத்துல உக்காந்து, "பாக்கியம், பாக்கியம்"னு என் மூஞ்சிச் சேத்தை வழிச்சாரு. அதைப் பாத்து எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்திச்சி. அந்த ஒரு நிமிசம் நான் எல்லாத்தையும் மன்னிச்சேன்.

ஜூல் அண்ணன் அதுக்குள்ள சைக்கிள நிமித்தி, அந்தத் தட்டைத் தொட்டு, வெரலை மோந்து பாத்தாரு. "மோன் தியே! கடவுளே! தேங்கா எண்ணெய்! டிஸ்குல யாரு எண்ணெய் போட்டது?"

"நான்தான் போட்டேன். ஆயுத பூசைக்கு எண்ணெய் போடாம அல்வாவா கிண்டிப் போடுவாங்க?"

"தங்கச்சி, அதுலதானே பிரேக்கே புடிக்குது!"

"அதுலயா? அச்சுக்கிட்டயா? எவனாவது அங்க கொண்டு போயி பிரேக்கை வெப்பானா?"

எங்க வூட்டுக்காரரு எழுந்தாரு. நான் நெனச்சேன், இப்ப ஜெயிச்சிட்டேன்னு குதிப்பாருன்னு. அந்த மனுசன் சொல்றாரு, "ஜூலு, இது உன் பிரேக்கு மேல தப்பு இல்லடா. எண்ணெயக் கொட்டினா எதுதான் புடிக்கும்? இந்தப் பந்தயம் செல்லாது." உடனே அவரு, "இல்லடா கன்னியப்பா, உன் ரிம்மும் நல்லாத்தான் நின்னுது, நான் பாத்தேன்." "ஆனாலும் டிஸ்குல எண்ணெய் போடுவாங்களாடா?" "அதானேடா!" "சந்தனம் வேற!" "குங்குமம் வேற!" ரெண்டும் ஒண்ணு சேந்து, கால் மடங்கிச் சேத்துல கெடக்கறவளைப் பாத்துத் தலையில அடிச்சிக்குதுங்க. ராசியாவறதுக்கு ஒரு பொம்பளையத் திட்டணும் இவங்களுக்கு. எரிச்சலாவும் இருந்திச்சி, நிம்மதியாவும் இருந்திச்சி. நாளைக்குச் சவாரி கெளம்பிடுவாங்கன்னு கணக்குப் போட்டேன்.

என்னை அந்த ரிம் பிரேக்கு சைக்கிள்ல உக்கார வெச்சி, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி டெம்போ வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தாங்க. கதிர்காமம் பெரியாஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்து, எலும்பு ஒடையல, சுளுக்குதான், ஆனா காலை ஊனக் கூடாதுன்னு கட்டுப் போட்டு அனுப்பினாங்க.

கால் ஊனாம ஆப்பம் எப்பிடிச் சுடறது? கட்டில்ல படுத்துக்கிட்டு, கடைய மூட வேண்டியதுதான்னு நான் அழுதேன். "நாங்க எதுக்கு இருக்கோம்?"னாரு எங்க வூட்டுக்காரரு. "நாங்க"ன்னா யாருன்னு மறுநாள் விடியறப்ப தெரிஞ்சிது. ஜூல் அண்ணன் ஏப்ரன் கட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு.

ஒரு ஆளை வெளிய அனுப்பப் பாத்தேன், ரெண்டு ஆளா உள்ள வந்துட்டாங்க. கட்டில்லேர்ந்து நான் கத்தறது ஒண்ணும் அவங்க காதுல ஏறல. மூணாம் நாளே அடுத்த வழக்கு ஆரம்பிச்சாச்சி. இரும்புச் சட்டி ஒசத்தியா, ஜூல் அண்ணன் கொண்டாந்த நான்ஸ்டிக் சட்டி ஒசத்தியா. "ஒட்டாம வருதுடா!" "ஒட்டாம வந்தா ஓரம் எப்பிடிடா முறுகும்?" எண்ணெய் ஏறிப் போன பிரேக்கு கட்டைய நெருப்புல காட்டினா எண்ணெய் எரிஞ்சிடும்னு யாரோ சொன்னாங்கன்னு, என் ஆப்ப அடுப்புலயே அதை வாட்டி வேற பாத்தாங்க. அன்னிக்கு முழுக்க வூடு டயர் எரிஞ்ச நாத்தம். கட்டை தேறல. லூதோவிக் புதுக் கட்டை பார்சல்ல அனுப்பறேன்னு போன்ல சொன்னான்.

அந்தப் பார்சலை நான் எதிர்பாத்த மாதிரி எவளும் தாய்வூட்டுச் சீரைக்கூட எதிர்பாத்திருக்க மாட்டா. பார்சல் வந்தா சைக்கிள் சரியாவும், சைக்கிள் சரியானா சவாரி, சவாரி போனா அடுப்பு எனக்கு. தபால்காரர் மணி கேட்டா எட்டி எட்டிப் பாப்பேன்.

ஒரு நாளு வந்திச்சி. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து தட்டை ஸ்பிரிட்டுல தொடைச்சி, புதுக் கட்டைய மாட்டினாங்க. எனக்கும் கால் சரியாயிடுச்சி. அன்னிக்கே நான் மாவு அரைச்சி வெச்சி, நாளைலேர்ந்து நம்ம ராஜ்ஜியம்னு நிம்மதியாத் தூங்கினேன்.

விடிகாலையில எழுந்து பாத்தா அடுப்பங்கரையில லைட்டு எரியுது. ரெண்டும் உள்ள. சட்டி நாலா ஆயிருக்குது. ஜூல் அண்ணன் ஒரு ஆப்பத்துல வெண்ணெயும் சக்கரையும் தடவி மடிச்சி வெச்சிருக்காரு. வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க, முன்னால செல்வாம்பாள் டீச்சர்!

"சவாரி போவலியா?"ன்னேன்.

"எங்க போறது? டீச்சருக்கு வெண்ணெ ஆப்பம் வேணுமாம், கெஸ்ட் ஹவுசுலயும் கூடக் கேட்டிருக்காங்க. நீ போயி படு பாக்கியம். காலு பத்திரம்"னாரு எங்க வூட்டுக்காரரு. சொல்லிட்டு, என் சட்டிய, நான் பதினஞ்சி வருசமாப் பழக்கின என் இரும்புச் சட்டிய, ஒரு சுத்து சுத்தினாரு. ஓரம் பூவாட்டம் விரிஞ்சிது. சண்டாளன், கத்துக்கிட்டான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிச்சி. கரண்டிய எடுத்து எறியலாம்னு தோணிச்சி. நடையில நின்னு மூச்சு வாங்கினேன். லேசா தூறல் போட்டுக்கிட்டு இருந்திச்சி. ரெண்டு சைக்கிளும் சுவத்துல சாஞ்சி சும்மா நின்னுக்கிட்டு இருந்திச்சிங்க. ஏரிக்கரையில மூஞ்சியில அடிச்ச காத்து ஞாபகத்துக்கு வந்திச்சி. பூர்ணிமா சுடிதார் கொடியில கெடந்திச்சி.

மாத்திக்கிட்டு வந்து வே.தே.தே.யத் தள்ளினேன். தூறல்ல ரிம்மை நம்ப முடியாது, எனக்குத் தெரியாதா?

"ஏய், எங்க போற? தேங்காப்பால் யாரு புழியறது?"ன்னு உள்ளேர்ந்து கொரலு.

"ரெண்டு பேரு இருக்கீங்க, நாலு கை இருக்குது"ன்னுட்டு ஏறினேன்.

எதிர்வூட்டு ஜன்னல்ல மோனிக் அக்கா. "எனக்கும் கத்துக் குடுடி பாக்கியம்"னாங்க. நாளைக்குன்னேன். இன்னிக்கு யாரும் வேணாம். பீச் ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது, கடலு மட்டும் எரைஞ்சிக்கிட்டு இருக்குது. காலை நேரம் எனக்கு வேணும், எனக்கு வேணும்னு அத்தனை பாடு பட்டேனே, அதை அடுப்பு முன்னாலயே நின்னு கழிக்கணும்னு எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லல. நானாத்தான் அங்கயே நின்னுக்கிட்டு இருந்திருக்கேன். அழுத்தி மிதிச்சேன்.